நெடுந்தீவுக் குரல்

இடம்பெயர்ந்த சனம் கரம்பொன்னுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். நான் அங்கே படிப்பித்தேன். பக்கத்து வளவுக்காரர் குருவி பிடித்துச் சுட்டுத் தின்பார். எலும்பை உறிஞ்சிய விரல்களை இடுப்பில் கட்டிய சாரத்திலே துடைத்துவிட்டு என் தோளைத் தட்டுவார். உடனே போய்க் குளிக்கவேண்டும்போல் இருக்கும்.

அவருடைய கூட்டில் நெடுந்தீவிலிருந்து கொண்டுவந்த குண்டுக்கரிச்சான் குருவி ஒன்று இருந்தது. அதன் கண்ணிமைகளை நூலால் தைத்திருந்தார். இருட்டில் அது ஓயாமல் பாடியது.

“பக்கத்து மரத்துக்காரன் பாடினால் இந்த ஊர்க் கரிச்சான்மார் பேசாமல் இருப்பாங்கள், மாஸ்ரர். அறியாத குரல் கேட்டால் சண்டைக்கு வருவாங்கள். வந்து கொப்பில பூசின ஆலம்பாலில ஒட்டுவாங்கள்” என்று சிரித்தார்.

என் கிணற்றடிப் பூவரசிலும் ஒரு கரிச்சான் பாடும். முதலில் நீண்ட ஒரு சீழ்க்கை, பிறகு தண்ணீர் சிந்துவதுபோல் சிறு சுரங்கள்.

“அதை மட்டும் விட்டிடுங்கோ அண்ணை” என்று கெஞ்சினேன்.

“ஓம் ஓம், உங்கட ஆளெல்லே!”

ஒரு வாரம் கழித்து, காலையில் பூவரசில் பாட்டுக் கேட்டது. நன்றி சொல்ல வேலிக்குப் போனேன். அவர் தலையைச் சரித்துப் பாட்டைக் கேட்டார்.

“இது வேற ஆள், மாஸ்ரர். உங்கட ஆளை முந்தநாள் திண்டிட்டன். இடம் சும்மா கிடக்குதெண்டு இவர் வந்திட்டார்.”

கரம்பொன்னில் ஒவ்வொரு குருவியையும் குரலால் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். செத்தது எது, வந்தது எது என்று தெரியாமல் மகிழ்ந்து நின்ற என் காதை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.