என் கைப்பையில் இருந்த மாத்திரை

ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால் எனக்கு உலகமே வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒன்றைப் போட்டு, விளக்கை அணைத்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து சோறு வடித்துவிடுவேன். அதைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரைமேல் அப்படியொரு நம்பிக்கை.

அவருடைய அண்ணன் பேத்திக்குச் சிங்கம்புணரியில் காதணி விழா. வெயிலில் அலைந்து பந்தியைக் கவனித்த மனிதர், காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினார். "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குடி" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வழியாக வந்த வேன்காரர்தான் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"இன்னைக்கு என்ன மாத்திரை போட்டார்?" என்று டாக்டர் கேட்டார். சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்றேன். படுத்திருந்தவர் முனகினார்: "தலைவலிச்சுது. இவ பையில இருந்து ஒண்ணு எடுத்துப் போட்டேன்."

அடப்பாவி மனுஷா! கேட்டிருந்தால் கொடுத்தா இருப்பேன்? கொடுத்துத்தான் இருப்பேன்.

ஊசிகள் போட்டு, வலி அடங்கி, ஆபத்தில்லை என்ற பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "எனக்கு ஒண்ணும் செய்யாத மாத்திரை டாக்டர்!"

"ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு படலம் இருக்கும்மா. அது நல்லா இருந்தா, நம்ம உடம்புல இருக்கிற செரோட்டோனின்ங்கிற ரசாயனம் பட்டதும் குழாயை விரிய வைக்கும். சர்க்கரை, சிகரெட்னு அது கெட்டுப்போனா, அதே செரோட்டோனின் குழாயை இறுக்கிடும். உங்க மாத்திரையும் அதோட சாதிதான். உங்களுக்குத் தலையில இறுக்கி வலியை எடுக்குது. இவருக்கு இதயத்துல இறுக்கிருச்சு."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இவருக்குள்ளே இப்படியொரு படலம் வீணாகிக்கொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்!

நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் உள்ளே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத. அண்ணனும் தலைவலின்னாரு. அவருக்கும் ஒண்ணு குடுத்தேன்."

அண்ணனுக்குச் சர்க்கரை இவரைவிடப் பழசு. ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலியில் பிழைத்தவர். நின்ற இடத்திலேயே போன் போட்டேன்.

"என்னத்தா, வீடு போய்ச் சேந்துட்டீகளா?"

"மச்சான், அந்த மாத்திரையப் போட்டீகளா?"

"சட்டைப் பையிலதேன் கிடக்கு. சாப்புட்டுப் போடலாம்னு இருக்கேன்."

"தொடாதீக மச்சான்! தூக்கிச் சாக்கடையில போடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே தள்ளினார். போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "சாக்கடையில போட்டுட்டீகளா, போட்டுட்டீகளா" என்று அழுதுகொண்டே போனேன்.