நித்திரையில் விழுந்த அடி

முதல் அடி என் இடது கண்ணுக்குக் கீழே விழுந்தது. விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மேலே பவுடர் பூசிப் பார்த்தேன். அது இன்னும் எடுப்பாகக் காட்டியது. கழுவிவிட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்பள்ளிக்குப் புறப்பட்டேன்.

அக்கராயனில் நான் முன்பள்ளி ஆசிரியை. அன்று பிள்ளைகள் வட்டமாக இருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து என் கன்னத்தை விரலால் தொட்டது.

“டீச்சர், ஆர் அடிச்சது?”

“ஒருத்தரும் அடிக்கேல்லை. நித்திரையிலை பட்டுப்போச்சு.”

பிள்ளைகளை விட வந்த தாய்மார் சிலர் வாசலில் நின்றார்கள். என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். நான் சொன்னது உண்மை. ஆனால் வீட்டில் அடி வாங்கிய பெண் வேறு எதைச் சொல்லுவாள்? அவர்கள் இடத்தில் நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அடித்தவர் என் கணவர். நெல் விதைக்கிறவர். குடிக்க மாட்டார். கோபம் வந்தால் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய், இருட்டும்வரை வரம்பு கட்டிவிட்டு வருவார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் என்மீது கை வைத்ததில்லை. அந்த அடிக்கு முந்திய வருடம் அவருக்கு ஒரு மாதிரி வந்தது. நோய், வருத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. காலையில் எழும்பிக் கட்டில் விளிம்பில் இருப்பார். மத்தியானம் பார்த்தாலும் அதே இடத்தில் இருப்பார். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் கையைக் கழுவுவார். உழவு மெசினைக் கோழிகள் ஏறி அசிங்கப்படுத்தின. பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் இளம் ஆள். சண்டைக் காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்.

“அது எல்லாருக்கும் நடந்ததுதானே” என்றார் என் கணவர்.

“அப்ப இப்ப என்ன கவலை, ஐயா?”

“கவலை ஒண்டும் இல்லை, டொக்டர். ஒண்டுமே இல்லை. அதுதான்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். என் கணவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எனக்கு முன்பள்ளி இருந்தது, சமையல் இருந்தது. எழும்ப வேண்டியிருந்ததால் எழும்பினேன்.

மனச்சோர்வுக்கென்று ஒரு குளிசை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல ஆள் எழும்பினார். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது உழவு மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார். சந்தோசப்பட வேண்டும் என்று நினைத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கனவுகள் வந்தன. தான் கனவு கண்டு கனகாலம் என்று சொன்ன மனிதர், முதலில் புலம்பினார், பிறகு “ஆய்! ஆய்!” என்று கத்தினார், பிறகு கையையும் காலையும் வீசினார். முகம் வீங்கிய அந்தக் காலை, நான் தேத்தண்ணியை நீட்டியபோது என் கண்ணைக் கண்டார்.

“என்ன இது?”

“நீங்கள்தான்.”

“நானோ?” அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “காட்டுப் பண்டி வயலுக்கை இறங்கிட்டுது எண்டெல்லோ கண்டனான். பொல்லாலை அடிச்சனான். உமக்கோ பட்டது?”

தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

அக்கம்பக்கத்துக்குத் தெரிந்ததும் வைத்தியம் வந்து குவிந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாதிக்காயை உரசிப் பாலில் கலக்கிக் கொண்டுவந்தார். பரியாரியார் தலைக்கு எண்ணெய் தந்தார். தலையணை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கானது. கோயிலில் நூல் கட்டினோம். அந்த அக்காவே இன்னொரு நாள் வந்து, “தலையணைக்குக் கீழை ஒரு பாக்குவெட்டி வையும் பிள்ளை. இரும்பு இருந்தால் கெட்ட கனவு அண்டாது” என்றார்.

“அக்கா, அவர் கையை வீசிறவர். தலைமாட்டிலை பாக்குவெட்டியோ?”

அக்கா யோசித்துப் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்று போய்விட்டார்.

என் கணவர் தான் உடுக்கும் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். “கையைக் கட்டிலோடை கட்டிவிடும்” என்றார். நான் கட்டினேன். இறுக்கமாகவா என்று கேட்டேன், ஓம் என்றார். கன்றைக் கட்டுவதுபோல இருந்தது; வேறு எதுவும் தோன்றவில்லை. ஆனால் கையைக் கட்டினால் கால் இருந்தது. பிறகு நான் பாயை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்படியில் படுத்தேன். அவர் தடுக்கவில்லை.

முன்பள்ளியில் ஆரோ சொல்லியிருக்க வேண்டும். பெண்களின் பிரச்சினைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். நல்ல பெண். பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து என் முன்னால் சின்னக் கதிரையில் இருந்தார்.

“டீச்சர், பயப்பிடாமல் சொல்லுங்கோ.”

“அவர் நித்திரையிலை அடிக்கிறார்.”

“நீங்கள் நித்திரையா இருக்கேக்கையோ?”

“இல்லை, அவர் நித்திரையா இருக்கேக்கை.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் ஏதோ ஒண்டு சொல்லுறவை, டீச்சர். கதவு பட்டது, வழுக்கி விழுந்தது எண்டு. இது நான் கேள்விப்படாத ஒண்டு” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தன் போன் இலக்கத்தை எழுதித் தந்துவிட்டுப் போனார். நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்தேன். நம்பவைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

என் கணவருக்கு ஊர்ப்பேச்சுப் பொறுக்கவில்லை. கடையில் அவர் போனதும் கதை நிற்கிறதாம். “இந்தக் குளிசை துவங்கினதுக்குப் பிறகுதானே இதெல்லாம்” என்று சொல்லி ஒரேயடியாக நிறுத்திவிட்டார். டொக்டரைக் கேட்டு நிறுத்துவோம் என்றேன். கேட்கவில்லை. நின்ற பிறகு கனவு குறையும் என்று நினைத்தோம், பெருகியது. கண்ணை மூடினாலே கனவு என்றார். கட்டிலிலிருந்து விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டார். சத்தம் கேட்டுத் தூக்கப்போன எனக்கு முழங்கையால் வாயில் விழுந்தது. உதடு வெடித்து ஒரு பல் ஆடியது.

அந்தச் செய்தி பரந்தனில் ஓட்டோ ஓட்டும் என் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். என் வாயைப் பார்த்தான். நேரே போய் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

“அத்தான், இது சரியில்லை.”

“ஓம்.”

“அக்காவுக்கு ஆள் இல்லை எண்டு நினைக்கிறீங்களோ?”

“இல்லை.”

“பிறகேன் அடிச்சனீங்கள்?”

“தெரியேல்லை, தம்பி.”

எதிர்த்துக் கதைக்கிறவரோடு சண்டை பிடிக்கலாம். அவரோடு என்ன செய்வது? நான் எல்லாருக்கும் சோறு போட்டேன். இரவு நித்திரை இல்லாத மனிதர், சாப்பிட்டதும் விறாந்தையில் பாய் போட்டுச் சரிந்தார். தம்பி போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் பக்கத்துக் கதிரையில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே சட்டி கழுவினேன்.

“ஆய்!” என்ற சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் சத்தம்: “ஐயோ அம்மா!”

ஓடிவந்து பார்த்தேன். கதிரை கவிழ்ந்து கிடந்தது. தம்பி ஒரு காலில் நின்று மற்றக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் கணவர் கண் மூடியபடி, பல்லை நெருமிக்கொண்டு வெறும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஆள் நித்திரை!”

“ஓம். அதைத்தானே சொன்னனான்.”

“எழுப்பட்டோ?”

“கிட்டப் போகாதை. தூர நிண்டு கூப்பிடு.”

அவன் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். அவர் தானாகவே எழும்பி, கவிழ்ந்த கதிரையையும் எங்களையும் பார்த்தார். தம்பி அந்த வீடியோவைக் காட்டினான். முழுக்கப் பார்த்தார். முடிந்ததும் இன்னொருக்கா போடச் சொன்னார். பிறகு முகத்தைச் சாரத்தால் மூடிக்கொண்டு அழுதார். அந்த வருத்தம் வந்த பிறகு அவர் அழுததை அன்றுதான் கண்டேன். எனக்கும் அழுகை வரும் என்று நின்றேன். வரவில்லை. உள்ளே போய் மிச்சச் சட்டிகளைக் கழுவினேன்.

மறுநாள் தம்பியின் ஓட்டோவில் கிளினிக்குப் போனோம். டொக்டர் வீடியோவைப் பார்த்ததும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“கனவு காணேக்கை எங்கடை உடம்பு கட்டிப்போட்ட மாதிரிக் கிடக்கும், அம்மா. ஓடுறமாதிரிக் கண்டாலும் கால் ஓடாது. இவருக்கு அந்தக் கட்டு அவிண்டு போச்சு. நான் தந்த குளிசையாலையும் வந்திருக்கலாம், வயதாலையும் வந்திருக்கலாம். திடீரெண்டு நிப்பாட்டினதாலை கனவு கூடிச்சுது.”

“அப்ப இவர் குற்றவாளி இல்லை” என்றான் தம்பி.

“இல்லை” என்றார் டொக்டர். என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குப் பயமா இருக்கோ?”

மனதுக்குள் தேடிப் பார்த்தேன். “இல்லை” என்றேன். அது துணிச்சல் அல்ல. அந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

சோர்வுக்கு வேறு குளிசை தந்தார். இரவுக்குச் சின்னதாக இன்னொன்று. சிலருக்குப் பிறகு கை நடுங்கும் வருத்தம் வருவதுண்டு, கவனித்துக்கொள்ளுங்கோ என்றும் சொன்னார். கட்டிலை எடுத்துவிட்டு மெத்தையை நிலத்தில் போட்டு, சுற்றி ஒன்றும் வைக்காமல் விடச் சொன்னார். போட்டோம். சில கிழமைகளில் வீடு அடங்கியது. கனவு காண்கிறாராம், ஆனால் தூரத்தில் ஆரோ செய்வதுபோல இருக்கிறதாம். காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று வெயில் ஏறிய பிறகே மெசினை எடுத்தார்.

என் முகம் தெளிந்ததும் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு தாய் என்னிடமே சொன்னாள்: “டீச்சரின்ரை பொறுமைக்குத்தான் சேர் குடியை விட்டவர்.” சேர் என்று அவள் சொன்ன என் கணவர் குடித்ததேயில்லை. திருத்தப் போனேனா? இல்லை. சிரித்துவிட்டுப் பிள்ளையின் பையை எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் பிள்ளைகள் போன பிறகும் ஒரு இளம் தாய் நின்றாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தன் பிள்ளையை வெளியே ஊஞ்சலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“டீச்சர், சேருக்கு என்ன குளிசை குடுத்தீங்க? அதோட பேரச் சொல்லுங்க.”

“ஏன் பிள்ளை?”

“எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கத்தான். சோத்துல கலந்து குடுத்துருவேன்.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “அது நித்திரையிலை அடிக்கிறவைக்குக் குடுக்கிற குளிசை, பிள்ளை. உன்ரை மனுசன் முழிச்சிருந்தோ அடிக்கிறவர்?”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “ஆமா டீச்சர். நல்லா முழிச்சிருந்துதான்.”

லாச்சியைத் திறந்து அந்த உத்தியோகத்தரின் இலக்கத்தை எடுத்தேன். அடுத்த நாள் நானே அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். உத்தியோகத்தர் கனிவாகக் கேட்டார். இவள் என்னை ஒருக்கா பார்த்தாள். பிறகு, “கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்” என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். இறங்கும் இடம் வரும்வரை நான் அசையவில்லை.

அடுத்த முறை அவள் தனியாகப் போனாள். அதைப் பிறகுதான் அறிந்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். இப்போது பிள்ளையோடு மாங்குளத்தில் தாயின் வீட்டில் இருக்கிறாள். வீதியோரக் கடை ஒன்றில் வேலை என்று கேள்வி. போகுமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாளாம். அன்று நான் கிளினிக்கில் நின்றேன்.

அன்றுதான் டொக்டர் என் கணவரைப் பார்த்து முடித்த பிறகு என்னை இருக்கச் சொன்னார்.

“உங்களுக்கு நித்திரை எப்பிடி, அம்மா?”

“படுத்தால் விடியுது.”

“கனவு?”

“தெரியாது.”

“இப்ப ஒரே அறையிலையோ படுக்கிறீங்கள்?”

“ஓம்” என்றேன். என் கணவர் கேட்டார், போய்ப் படுத்தேன். அவர் புரண்டால் என் கை தானாக முகத்துக்கு முன்னால் வருகிறது. மனதில் ஒன்றும் இல்லாதபோதும் கை அதைச் செய்கிறது. இதை டொக்டருக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். குளிசை எதுவும் எழுதவில்லை. வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்ற என் கணவர் இரண்டு முறை கதவால் எட்டிப் பார்த்தார். நான் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, வாசலில் கிடந்த வாங்கிலில் போய் இருந்துகொண்டார்.