இருட்டில் வைத்த கண்

கறுப்பு பனியனில் புலி அச்சடிப்பவர் புலியின் இருட்டை அச்சடிக்க மாட்டார். துணியே இருட்டு. நெற்றி, மூக்குத்தண்டு, ஒரு பல் என்று வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் வெள்ளைச் சாயத்தில் இழுத்தால் போதும், மீதிப் புலியை, பார்க்கிறவரின் கண்ணே போட்டுக்கொள்ளும். அருள்புரத்தில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் யூனிட் ஒன்றில் நான் டிசைனர். ஓவியத்தில் ஒளியும் நிழலும் மோதுகிற வித்தையை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, இந்தக் கறுப்புத் துணியில்தான் கற்றேன்.

அந்தப் புலிக்காகத்தான் ஒரு மனிதரை அடித்தேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். டேபிளில் விரித்த துணிமேல் ஸ்கிரீன் என்கிற வலைச்சட்டத்தை வைத்துச் சாயம் இழுப்பது அவர் வேலை. வெறும் எழுத்து டிசைன் என்றால் இரண்டு நிறத் துணிக்கும் ஒரே ஸ்கிரீன் போதும், கறுப்புத் துணிக்கு வெள்ளைச் சாயம், வெள்ளைத் துணிக்குக் கறுப்புச் சாயம். அந்தப் பழக்கத்தில் என் புலி ஸ்கிரீனையும் வெள்ளைத் துணிமேல் வைத்துக் கறுப்பை இழுத்துவிட்டார். வெளிச்சமாக இருக்க வேண்டிய நெற்றியும் பல்லும் கரியாகிவிட்டன. கண்குழி வெளுத்துக் கிடந்தது. டேபிள் நீளத்துக்கும் பேய் முகங்கள்.

எனக்கு எப்போதும் மூக்குநுனியில் கோபம். "கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் சாயம் இழுக்கும் மரக்கட்டையை எடுத்து முகத்தில் அடித்தேன். இடது கண்ணில் பட்டது. கீழே விழுந்தவரை இரண்டு உதையும் உதைத்தேன். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் கன்னத்தில் ரத்தமும் சாயமும் சேர்ந்து வழிந்தன.

பிறகுதான் ஸ்கிரீன் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'கறுப்புத் துணிக்கு மட்டும்' என்று அதில் எழுதி வைக்க வேண்டியவன் நான். எழுதவில்லை. ஈரத்துணியால் சட்டத்தைத் துடைப்பதுபோல் குனிந்து, சத்தமில்லாமல் எழுதி வைத்தேன்.

"கீழ உளுந்துட்டாருன்னு சொல்லிப்போடுங்க," என்றார் முதலாளி. "கேசு கீசுன்னு போனா யூனிட்ட மூடோணும்."

அடிபட்டவரும் டாக்டரிடம் அப்படியே சொன்னார். "வழுக்கி டேபிள் முனையில விழுந்துட்டேன் சார்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்தக் கண் தப்பிக்குமா என்ற ஒரே நினைப்பில் பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் வேலைக்கு வந்தார்.

"தேறிட்டு அண்ணாச்சி. நல்லாத் தெரியுது."

எனக்குப் போன உயிர் வந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. "ஏனுங்க, உங்க முகத்த ஒருக்கா வரையோணும். ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க," என்றேன். மூன்று ஞாயிறு வந்தார். ஒரு ஜன்னலை மட்டும் திறந்து, வலது கன்னம் வெயிலில் இருக்கும்படி உட்கார வைத்தேன். கேன்வாஸ் முழுக்கக் கறுப்பைப் பூசி, அதன்மேல் மஞ்சளையும் வெள்ளையையும் ஓவியக் கத்தியால் அறைந்தேன். வலது கன்னம், மூக்கு, உதட்டில் பாதி. மறுபாதியைத் தொடவே இல்லை. இதுவரை நான் போட்டதில் இதுதான் நல்ல படம் என்று கர்வம்கூட வந்தது.

அவர் எழுந்து வந்து படத்தின் மிக அருகில் நின்றார். தலையை முழுசாக இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் பார்த்தார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

"நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா நீங்க அடிச்ச பக்கத்தத்தான் இருட்டுல வச்சிருக்கிய."

முகத்தில் அறை வாங்கியது போலிருந்தது. நாற்காலியை எதிர்ப்பக்கம் திருப்பினேன். உட்கார்ந்தார். இப்போது வலது பாதி நிழலுக்குப் போயிற்று. பதினோரு மணி வெயில் ஜன்னல் வழியாக நேரே இடது கண்ணில் இறங்கியது. புருவத்தில் பிளந்து ஆறிய தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

இமை அசையவில்லை.

"கண்ணு கூசலீங்களா?"

"கூசாது அண்ணாச்சி," என்றார். "டேபிள் வேலைய விட்டு எடுத்துருவாவன்னுதான் யார்ட்டயும் சொல்லல. நீங்க வரைங்க."