குளம் இறைத்த பங்குனி

அந்த நாற்காலிக்குப் பிரம்பு முதுகு. உட்காரும் இடத்தில் பின்னல் தளர்ந்து குழிந்து போயிருந்தது. நகராட்சிக் கமிட்டி அறைக்குள் நான் முதன்முதலாக நுழைந்த அன்று, சுவரோரமாகக் கிடந்த அதை அண்ணன் தன் கையாலேயே தூக்கிவந்து பக்கத்தில் போட்டு, “இங்க உக்காரு தம்பி. பின்னாடி எல்லாம் போகாத” என்றார். என் அப்பா அந்தக் கட்டடத்தின் வாசற்படி வரைக்கும்தான் வந்திருக்கிறார், அதுவும் தலையில் மண்கூடையோடு. இந்த மனிதருக்காக எதையும் செய்யலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன்.

அண்ணன் எனக்கு உறவில்லை. தஞ்சாவூருக்கும் குடவாசலுக்கும் இடையில் இருக்கும் எங்கள் சிறிய நகரத்தில் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். மாலையானால் கட்சிப் படிப்பகத்தில் பத்திரிகையை உரக்கப் படிப்பார். கூலி உயர்வு கேட்டு எங்கள் தெரு ஆட்கள் அறுவடைக்குப் போகாமல் உட்கார்ந்த வருஷம், வெளியாட்களை இறக்கி மிராசுகள் அறுக்கப் பார்த்தார்கள். அடிதடி நடந்தது, எங்கள் தெருவில் சில குடிசைகளுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். அப்போது எங்கள் ஆட்களோடு சிறைக்குப் போனவர் அண்ணன். வெளியே வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேலத்தெரு ஆள் ஒருவர் எங்கள் வீட்டில் கை நனைத்தது அதுதான் முதல் தடவை. எங்களோடு இருந்த அத்தை பரிமாறிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். பிறகு நான் தையல் கடை போட்டபோதும், எங்கள் தெருவுக்கு மெம்பராக நிற்கச் சொன்னபோதும், வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்டவர் அவர்தான். நகராட்சி உறுப்பினரை அப்போது எல்லோரும் மெம்பர் என்றுதான் சொல்வார்கள்.

அண்ணன் தலைமையில் இருந்த கமிட்டியில்தான் என்னையும் போட்டார்கள். போலீசும் தீயணைப்பும் சர்க்கார் துறைகள், நகராட்சிக்கு அவற்றின்மேல் அதிகாரம் கிடையாது. ஆனால் அவர்களுக்கு இடம் கொடுப்பது, குழாய் போடுவது, விளக்குக் கம்பம் நடுவது எல்லாம் நகராட்சி செய்தால்தான் உண்டு. அந்த இரண்டு துறைக்காரர்களும் வந்து தங்கள் தேவையைச் சொல்வார்கள், கமிட்டி கேட்டு முடிவு செய்யும். போலீஸ் அதிகாரி வந்தால் எங்களில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள், டீக்குச் சொல்லி அனுப்புவார்கள். தீயணைப்பு நிலைய அலுவலர் வந்தால் சுவரோரம் நிற்பார். காக்கிச் சட்டைதான் அவருக்கும். ஆனால் ஊருக்கு எந்தக் காக்கி பயம் என்று எங்கள் மெம்பர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அலுவலர் ஒல்லியான மனிதர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரர். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெருவை ஒட்டி நகராட்சிக் குளம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் மீன் குத்தகைக்கு ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் பங்குனியில் தண்ணீரை இறைத்து மீனைப் பிடிப்பார், பிறகு அடியில் கிடக்கும் வண்டலை வெட்டி வயலுக்கு அடித்துக்கொள்வார். அந்த மாதங்களில் மேட்டூரும் அடைத்திருக்கும், வாய்க்காலில் மணல்தான் இருக்கும். வைக்கோல் போர்களும் கீற்றுக் கூரைகளும் காய்ந்து கிடப்பதும் அதே மாதங்களில்தான். “வண்டியில இருக்கற தண்ணி கொஞ்ச நேரத்துல தீர்ந்துடுங்க. அப்புறம் குளத்துலதான் குழாயப் போடணும். அந்த ஒரு குளத்த மட்டும் கோடை முடியற வரைக்கும் இறைக்காம வையுங்க. வேற ஒண்ணும் வேணாங்க” என்றார் அவர். சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஒருவர் எங்கள் தெருவுக்காகக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அதே கூட்டத்தில் போலீஸ்காரர்களும் ஒன்று கேட்டார்கள். அறுவடைக் காலத்தில் கூடுதலாக வரும் ஆயுதப் போலீசார் தங்குவதற்கு, எங்கள் தெரு முனையில் இருந்த நகராட்சி இடத்தில் ஒரு கொட்டகை. அந்தப் போலீசார் யாருக்குக் காவல், யாரை அடிக்க வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன. என் அப்பாவின் முதுகில் அவர்கள் போட்ட தழும்பு அவர் சாகும்வரை இருந்தது. நான் முடியாது என்றேன். அண்ணன் என்னை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போய்த் தோளில் கை போட்டார். “தம்பி, கொட்டகைய நீ தடுத்தா கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வாங்கியாந்து போட்டுருவாங்க. வீணா எதுக்கு மல்லுக்கு நிக்கற? அதுக்கு நீ கை தூக்கிடு. குளத்துக்கு நான் பொறுப்பு. என் உசுரு இருக்கற வரைக்கும் அந்தக் குளத்துல கை வைக்க மாட்டாங்க.” நான் உள்ளே வந்து கை தூக்கினேன். கொட்டகையும் தீர்மானம் ஆயிற்று, குளமும் தீர்மானம் ஆயிற்று.

அந்த வாரமே எங்கள் தெருவில் கூட்டம் போட்டு, ஒலிபெருக்கியில் அண்ணன் பேசினார். “நெருப்புல வெந்த சனம் நீங்க. இனிமே இந்தக் குளத்துத் தண்ணி உங்க காவல்” என்று அவர் சொன்னபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போலீஸ் கொட்டகையைப் பற்றி அவரும் பேசவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. கொட்டகை சீக்கிரமே எழும்பிவிட்டது. அதைத் தாண்டித்தான் எங்கள் ஆட்கள் தினமும் வேலைக்குப் போய் வந்தார்கள். தண்ணீருக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் குளத்தை ஏலம் எடுத்தவர் ரைஸ் மில் முதலாளி. கூலிப் போராட்டத்தின்போது எங்களுக்கு எதிராக நின்ற மிராசு ஒருவரின் மகன். காற்று மாறியதும் கட்சிக்கு வந்துவிட்டார். கோடை முடிகிற வரை இறைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவருக்குக் குளம் போனது. ஆனால் பங்குனி பிறந்து சில நாட்களில், காலையில் கடை திறக்கப் போனவன் எண்ணெய் எஞ்சின் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். குளக்கரையில் எஞ்சின்களை இறக்கி இறைத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடைக்கு ஓடினேன். அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “பாதிதான் இறைக்கறாங்க தம்பி. நான்தான் சரின்னேன். மீனு பெருத்துக் கெடக்கு, செத்து மெதந்தா உன் தெருவுக்குத்தான் நாத்தம். மீதித் தண்ணி அப்புடியே இருக்கும்” என்றார். நான் நம்பினேன். அவர் சொன்னால் நம்பித்தான் எனக்குப் பழக்கம்.

குளம் இறைக்கிற நாள் எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழா மாதிரி. குத்தகைக்காரர் வலை போட்டு எடுத்தது போக, சேற்றில் மிஞ்சுகிற மீன் ஊருக்கு. ஆண், பெண், சிறுசு, பெருசு எல்லாம் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். இது காலம் காலமாக உள்ள உரிமை, அன்றைக்கு யாரும் யாரையும் விரட்ட முடியாது. மறுநாள் எங்கள் தெருவே குளத்துக்குள் இருந்தது. அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கெளுத்தி முள்ளில் கையைக் குத்திக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு மீன் விட்டுவிட்டார்கள் என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆரவாரத்தில் அதை நினைத்துப் பார்க்க எவருக்கும் பொழுதில்லை. சாயங்காலம் மில்லில் இருந்து ஓர் ஆள் வாழைநாரில் கோத்த விரால்களைக் கொண்டுவந்து, “அண்ணன் மெம்பர் வீட்டுக்குக் குடுக்கச் சொன்னாங்க” என்று அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் வீடு திரும்பியபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் குளத்தில் வண்டி இறங்கி வண்டல் வெட்டினார்கள். மறுபடியும் அண்ணனிடம் போனேன். “ரெண்டு மழை பேஞ்சா ரொம்பிடும் தம்பி, அதுக்கு ஏன் பதறற?” என்றார். பங்குனி மாதத்தில் மழை பெய்து குளம் நிரம்பும் என்று காவிரித் தண்ணீரில் வளர்ந்த ஒருவர் இன்னொருவனிடம் சொல்கிறார். என்னை அவர் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நகரமன்றத் தலைவர் பதவிக்கு அவர் நிற்பதையும், அதற்கு மில் முதலாளியின் ஆட்கள் ஓட்டு வேண்டும் என்பதையும் கடைத்தெருவில் எல்லோருமே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, அண்ணன் ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சித்திரையில் ஒரு நண்பகலில் தீப்பிடித்தது. நெல் அவிக்கிற அடுப்பில் இருந்து பொறி பறந்தது என்றார்கள். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, கூரை விட்டுக் கூரை தாவியது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். தெருவின் முதல் வீடுகளை அணைப்பதற்குள் வண்டியில் தண்ணீர் தீர்ந்தது. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள். வெடித்துக் கிடந்த தரையில் குழாயின் வாயை வைத்துக்கொண்டு நின்றார்கள். நிலைய அலுவலர் என்னைத் தேடி வந்தார். “மெம்பர் சார், தண்ணி எங்க சார்?” என்றார். அதட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். வண்டி நகரத்தின் மறுகோடிக்குப் போய் மேல்நிலைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு வந்தபோது, நனைப்பதற்குச் சாம்பல்தான் இருந்தது. ஆட்டை அவிழ்த்துவிட உள்ளே போன அத்தையை வெளியே கொண்டுவந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் போட்டோம். அவள் பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கமிட்டி கூடியது. இரங்கல் சொல்லி எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த விஷயம், தீயணைப்பு நிலையத்தின் மெத்தனத்தைக் கண்டித்து, அலுவலரை மாற்றச் சொல்லி மேலே எழுதுவது. அண்ணன் கனிந்த குரலில், “நம்ம தம்பியே முன்மொழியட்டும். பறிகொடுத்தது அவருதான்” என்றார். சுவரோரம் நின்றிருந்த அலுவலரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். குளம் தீர்மானமானது, மரத்தடியில் அவர் கொடுத்த வாக்கு, எஞ்சின், வண்டல், எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அண்ணன் குறுக்கிடாமல் முழுதும் கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “தெருவே எறங்கி மீன் புடிச்சுதுங்க. ஒருத்தரும் வேணாங்கல. மெம்பர் வீட்லயும் அன்னிக்கு விரால் கொழம்புதான். இப்ப போயி யாரச் சொல்றது?” என்றார். யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. தீர்மானத்தை வேறொருவர் முன்மொழிந்தார். எங்கள் நகராட்சியில் வழக்கம் ஒன்று உண்டு, என்ன சண்டை நடந்தாலும் எல்லாமே ஒருமனதாக நிறைவேறியதாகத்தான் வாசிப்பார்கள். அதையும் அப்படியே வாசித்தார்கள். அலுவலரைக் கோடியக்கரைப் பக்கம் மாற்றினார்கள். அண்ணன் நகரமன்றத் தலைவர் ஆனார். நான் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை.

ஒரு மனிதர் கெட்டவராக இருந்து தீங்கு செய்தால் ஆறிவிடுகிறது. சிறைக்குப் போனதும், எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் நடிப்பு என்று நினைக்க எவ்வளவோ முயன்று பார்த்தேன். முடியவில்லை. அவை உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் எங்களை அவர் விலைபேசினார். அத்தை கொடுத்த சோற்றை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தெருவில் இப்போது கீற்றே கிடையாது. எல்லாம் மாடி வீடுகள், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிறார்கள். போன தையில் குடவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் முன்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், ரொம்பத் தளர்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கையை விடவே இல்லை. பிறகு மெதுவாக, “எம்மேல உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே தம்பி?” என்று கேட்டார். இத்தனை வருஷம் நான் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

“இருக்குங்கண்ணே” என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்குள் யாரோ ஓர் இளைஞர் அவருக்கு வணக்கம் சொல்ல வந்தார். அண்ணன் என்னைக் காட்டி, “தெரியுமா இவர? நம்ம வளர்த்த புள்ள” என்றார்.