கொள்ளு காயும் சாலையில் நூறு கிலோமீட்டர்

காலை ஐந்தே முக்கால். செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் சாலை பிரியும் இடத்தில் நாங்கள் இறங்கியபோது பனி விலகவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாசி மாதத்து ஞாயிறு. சைக்கிள் சாலைப் போட்டிக்கு முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பதினேழாம் எண் என் கணவர். இப்படிப்பட்ட பந்தயத்தைக் கூடவே போய்ப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த ஒரு தடவையே ஆயுளுக்கும் போதும்.

முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். அவருக்கு வயது வரம்பு முடிய நான்கு மாதம்தான் பாக்கி. முந்தைய வருடம் இதே போட்டியில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது சுத்துல, சதுரங்கப்பட்டினம் தாண்டுனா ரோட்ல கொள்ளு போட்டுகினு இருப்பாங்க. மொத சுத்துல பனி காஞ்சிருக்காது, ஒண்ணும் இருக்காது. வெளியூரு பசங்களுக்கு இது தெரியாது. நா முன்னாடி பூந்துடுவேன்."

"விழுந்துட்டீங்கன்னா?"

"முன்னாடி போறவன் வுழ மாட்டான். பஸ்ஸு டயரு போன தடம் ஒண்ணு இருக்கும். அதுல ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்தான் போவ முடியும். நீ யாராண்டயும் வாயத் தொறக்காத."

எங்கள் பக்கத்தில் கொள்ளு பிடுங்கினால் களத்துக்குக் கொண்டுபோவதில்லை. செடியோடு தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி நசுக்கிக் கூலியில்லாமல் அடித்துக் கொடுத்துவிடும். பஸ்ஸுக்கு அது ஒன்றும் செய்யாது. சைக்கிளின் விரல் அகலச் சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

ஆறரை. கொடி அசைந்தது. பின்னால் போன வேனில் நாங்கள் நான்கு பேர். ஓட்டுநர் கேளம்பாக்கத்துக்காரர், இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றார். அவர் பக்கத்தில் போட்டியின் செயலாளர். பின் இருக்கையில் நானும் செல்வி என்ற பெண்ணும். பொள்ளாச்சியிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருந்தாள். அவள் தம்பிக்கு இருபத்திரண்டாம் எண்.

பாதையை வகுத்தவர் செயலாளர்தான். பெருமையோடு திரும்பிச் சொன்னார்: "திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர். அங்கேந்து மாமல்லபுரம் பதினஞ்சு, கடலோரமா சதுரங்கப்பட்டினம் பதினஞ்சு, திரும்ப திருக்கழுக்குன்றம் பதிமூணு. இந்த முக்கோணத்த ரெண்டு தபா சுத்தி திருக்கழுக்குன்றம் கொளக்கரைல முடிக்கணும், மொத்தம் நூறு. நானே காலைல ஆறு மணிக்கு வந்து ஸ்கூட்டர்ல அளந்தேம்மா. ரோடு கண்ணாடியாட்டம் கீது."

ஆறு மணிக்கு வந்தால் கண்ணாடிதான்.

ஏழேகால். மாமல்லபுரம் திருப்பத்தில் எல்லோரும் ஒன்றாக மொய்த்து, உரசாமல் எப்படியோ வளைந்தார்கள். கடற்கரைச் சாலையில் இடப்பக்கமிருந்து காற்று அடித்தது. காற்றை முகத்தில் வாங்குகிறவன் சீக்கிரம் களைத்துப் போவான். அதனால் ஒவ்வொருவரும் முன்னால் போகிறவனின் வலப்பக்கம் ஒதுங்கி ஒளிகிறார்கள். வரிசை சாய்ந்து சாய்ந்து எதிர்வண்டி வருகிற பாதிக்குள் போய்விடுகிறது. சாலையில் போக்குவரத்தை நிறுத்தவும் இல்லை.

"ஏனுங்க்கா, எதுக்கால பஸ் வந்தா என்னுங்க பண்ணுவாங்க?" என்றாள் செல்வி.

"இன்னா பண்றது, ஓரம் கட்டுவாங்க. பயந்தா வேலைக்காவுமா?" என்றார் ஓட்டுநர். ஆனால் ஹாரனிலிருந்து அவர் கை எடுக்கவில்லை.

ஏழே முக்கால். சதுரங்கப்பட்டினத்தில் மேற்கே திரும்பினோம். குறுகலான சாலை, துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் ஓரத்தில் கொள்ளுச்செடி குவியல் குவியலாகக் கிடந்தது. பக்கத்திலேயே பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டேகால். இரண்டாம் சுற்று தொடங்கியிருந்தது. செல்வி பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் இரண்டு இட்லி கொடுத்தாள். தம்பிக்கு இது முதல் பெரிய போட்டியாம். அம்மாவின் தோட்டை அடகு வைத்துச் சக்கரம் வாங்கினார்களாம். "நீங்க பக்கத்துல இருக்கறது தைரியமா இருக்குதுங்க்கா" என்றாள். செயலாளர் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேன் முன்னால் போய், செடியை ஓரம் தள்ளச் சொல்லிவிடும். அப்புறம் எல்லோரும் கும்பலாகக் குளக்கரைக்கு வந்து கடைசி இருநூறு மீட்டரில் முட்டிமோதுவார்கள். முறிந்து சேர்ந்த தோளோடு அந்த வேகம் என் கணவருக்கு வராது. வாயை மூடிக்கொண்டேன். அப்போது பயந்தது அவருக்காக மட்டும்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எட்டு ஐம்பத்தைந்து. சதுரங்கப்பட்டினம் திருப்பத்தில் அவர் சட்டென்று பாய்ந்தார். இன்னொருவன் ஒட்டிக்கொண்டான். மற்றவர்கள் துரத்தவில்லை.

செயலாளர் சிரித்தார். "இன்னும் பதிமூணு கிலோமீட்டர் கீது. ரெண்டே பேரா எம்மாந்தூரம் போவானுங்க? வுட்டுப் புடிப்பாங்க."

மூன்று கிலோமீட்டர் போனதும் சாலை பழுப்பாகத் தெரிந்தது. முன்னால் தூரத்தில் என் கணவர் டயர் தடத்தில் நூல் பிடித்தாற்போல் போனார். அவர் கடந்ததும், "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன்.

பின்னால் வந்தவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தார்கள். இடது ஓரத்தில் இருபத்திரண்டு. செடி பின்சக்கரத்தில் சுற்றியது, சைக்கிள் நின்றது, அவன் நிற்கவில்லை. அவன்மேல் நான்கு பேர் விழுந்தார்கள். போன வருடம் கேட்ட அதே சத்தம்.

செல்வி வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, காலைல இது இல்லியே!"

ஒன்பதேகால். குளக்கரையில் என் கணவர் இரண்டாவதாக வந்தார். மேளம் அடித்தார்கள். அந்த இடம் வாங்கித் தந்த வேலையில்தான் இன்றுவரை எங்கள் அடுப்பு எரிகிறது.

பத்தே கால். திருக்கழுக்குன்றத்துக்குத் தூக்கி வந்து முதலுதவி செய்த பிறகு, செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் தம்பியை ஏற்றினார்கள். தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. இனி சைக்கிள் ஓட்டுவது சந்தேகம் என்று பேசிக்கொண்டார்கள். செல்வி ஏறுவதற்கு முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இந்தப் பக்கந்தானுங்க்கா? இங்க எப்பவுமே ரோட்டுல இப்படிப் போடுவாங்களா?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தம்பி விழுந்த இடத்துக்கு அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீட்டுக் கொள்ளும் காய்ந்துகொண்டிருந்தது.