குசினியில் கிடந்த எஞ்சின்

யுத்தம் முடிந்த பிறகு, மன்னாரில் நாங்கள் துரத்தப்பட்டு விட்டுவந்த பழைய ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பூட்டி வைத்தால் கைவிட்டுப் போய்விடும் என்று எல்லோரும் கதைத்தார்கள். அதனால் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் போனார்கள். கற்பிட்டிப் பக்கத்தில் பல வருடங்களாக நாங்கள் செய்துவந்த வெங்காயத் தோட்டத்தோடு நான் நின்றுகொண்டேன்.

"இந்தப் போகம் முடியட்டும், வாறன்" என்று பஸ்ஸடியில் சொன்னேன். அவள் பிள்ளைகளின் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

சில கிழமைகள்கூட ஆகவில்லை. மண் புரட்டிக்கொண்டிருந்த ட்ரக்டர் ஒருமுறை முனகிவிட்டு இறுகி நின்றது. இறங்கிப் பார்த்தேன். ரேடியேற்றர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுவதும் மணலில் போயிருந்தது. சூடு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அதைத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

மாலையில் மனைவிக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போட்டு வாங்களன். அது பழசு தானே?"

"பார்ப்பம்" என்றேன்.

எஞ்சின் வேலை எனக்கு அரைகுறையாகத் தெரியும். மெக்கானிக்கைக் கூப்பிடாமல் நானே திறந்தேன். கொட்டிலில் வைத்துக் கழற்ற முடியவில்லை. கடற்காற்று மணலை அள்ளிக் கொண்டுவந்து எல்லாவற்றுக்குள்ளும் போட்டது. கழற்றியதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பிஸ்டன்கள் குசினி மேசையில், வால்வுகள் பாண் வைக்கும் தட்டில், நட்டுகள் பிள்ளைகளின் அறை ஜன்னல் திட்டில். வீடெங்கும் டீசல் மணம். ஏச ஒருவரும் இல்லை. மேசையில் இடமில்லாததால் நின்றபடியே சாப்பிட்டேன்.

ஒரு பிஸ்டன் மட்டும் வரவில்லை. உருகி, சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவிடுவேன், கீழிருந்து மரக்கட்டையால் தட்டுவேன், மறுபடி எண்ணெய் ஊற்றுவேன். ஒருநாள் அசர் தொழுதுவிட்டு வந்து தட்டியபோது அது நகர்ந்தது.

"வந்துட்டு! இஞ்ச வாங்க, வந்துட்டு!"

கத்திய பிறகுதான் யாரைக் கூப்பிட்டேன் என்று யோசித்தேன். பக்கத்து வளவுக்காரர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

எஞ்சின் தலையைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் பாலாவிக்குக் கொண்டுபோனேன். லேத் வேலை செய்பவர் அதன் மேல் இரும்பு மட்டத்தை வைத்து வளைவு பார்த்தார்.

"வளைஞ்சீக்கி. சீவித் தாறன். ஏன் நானா, ஒங்கட ஆக்கள் எல்லாம் போய்ட்டாங்க தானே, நீங்க போகல்லயா?"

"போவன். இத முடிச்சிட்டு."

புது லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்து பூட்டினேன். ஆறுதலாகத்தான் செய்தேன். அவசரப்படுத்த யாருமில்லை. முடிந்தால் பிறகு என்ன செய்வது என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

பூட்டி முடித்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. டீசல் குழாயில் நின்ற காற்றை நான் வெளியேற்ற, மேலே இருந்து ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரை மறித்தேன். அவர் பெட்டியை நிழலில் விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"திருப்புங்க. இன்னொருக்கா. விடாதீங்க!"

இருமியது, கறுப்புப் புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. நிலம் அதிர்ந்தது. அவர் சிரித்தபடி குதித்து இறங்கினார்.

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"ஐஸ் கரையுது அண்ணன், நான் வாறன்."

ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று மனைவிக்கு போன் எடுத்தேன். போனை எஞ்சின் அருகே நீட்டினேன். "கேக்குதா?"

அவள் சொல்வது கேட்கட்டும் என்று எஞ்சினை நிறுத்தினேன்.

"கேட்டது" என்றாள். "அப்ப நீங்க வரமாட்டீங்க."

இரும்புக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கிழமையே நான் பஸ் ஏறியிருப்பேன். அது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

மண் புரட்டினேன், வெங்காயம் நட்டேன், பிடுங்கினேன். அடுத்த போகமும் செய்தேன். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை மன்னாருக்குப் போனேன். புது வீட்டில் சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டு, விருந்தாளிகளுக்கு எடுக்கும் கோப்பையில் தேத்தண்ணி தந்தாள். சின்ன மகள் கிட்ட வந்து நின்றாள்.

"வாப்பா, எப்ப போவீங்க?"

"நாளைக்கு" என்றேன்.

மனைவி அடுப்படிக்குப் போனாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.