சோலை என்பவர் ஆண்

சமயநல்லூரில் பத்துத் தெருக்களுக்கு இட்லி மாவு போவது முனீஸ்வரி வீட்டிலிருந்துதான். அவருடைய கணவர் சோலை லாரி செட்டில் மூட்டை தூக்கியவர். காதைத் தொடப்போகிற மீசை. பேச்சு மட்டும் குறைவு. போன தை மாதம் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார்.

கிரைண்டர் ஓடுகிற கரண்டு கனெக்ஷன் அவர் பெயரில் இருந்தது. அதை மாற்றுவதற்காக இறப்புச் சான்றிதழோடு முனீஸ்வரி மின்வாரியத்துக்குப் போனார். அங்கிருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "செத்துப்போனது யாரும்மா? உங்க வீட்டுக்காரரா, வேற யாரும் பொம்பளையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் முனீஸ்வரி எழுத்துக்கூட்டிப் படித்தார். பாலினம்: பெண். கணவர் பெயர்: முனீஸ்வரி.

சோலை என்று ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். யாரோ ஓர் ஊழியர் பெண் என்று முடிவு கட்டிவிட்டு, அதற்குப் பிறகு முறைப்படி முனீஸ்வரியைக் கணவராக்கியிருந்தார்.

மறுநாள் முனீஸ்வரி, சோலையின் மாலை போட்ட படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரையில் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பிரிவைப் பார்த்த ஜெயபாண்டி சாதுவான மனிதர்.

"இந்த மீசையப் பாருங்க சார். இது பொம்பளையா?"

"எனக்குத் தெரியுதும்மா. மீசையை ஃபைல்ல கோர்க்க முடியாதே! ஆதார், ஆஸ்பத்திரி லெட்டர், அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேரோட சாட்சிப் பத்திரம். அம்புட்டுத்தான்."

"வீட்ல நான்தான் அதட்டுவேன், அது நெசம். அதுக்காக என்னையப் புருசன்னு எழுதிப்புடுறதா?"

ஜெயபாண்டி எதையோ தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டார். நிமிர வெகுநேரமாயிற்று.

சாட்சிக்கு டீக்கடை சின்னச்சாமியும் அவர் தம்பியும் வந்தார்கள். சோலை ஆண் என்பது எப்படித் தெரியும் என்று நோட்டரி வக்கீல் கேட்டார்.

"முப்பது வருசமா ஒரே கம்மாயில குளிச்சோம் சார். இன்னும் வெவரமாச் சொல்லணுமா?" என்றார் சின்னச்சாமி.

வேண்டாம் என்றார் வக்கீல். ஆனால் டைப் அடித்த பெண் காதில் விழுந்ததை விடவில்லை. 'மேற்படி சோலை என்பவர் ஆண் என்பதை, ஒரே கண்மாயில் குளித்த வகையில் நேரில் அறிவேன்' என்று பத்திரத்தில் ஏறிவிட்டது. சின்னச்சாமி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் புதுச் சான்றிதழ் வந்தது. பாலினம்: ஆண். கணவர் பெயர்: முனீஸ்வரி.

"நீங்க பாலினத்துக்குத்தானே மனு குடுத்தீங்க? கணவருக்குத் தனி மனு குடுக்கணும்மா," என்றார் ஜெயபாண்டி, தரையைப் பார்த்தபடி.

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோலை போன பிறகு முதல் சிரிப்பு. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "அந்த மனுசன் இருந்திருந்தா, 'இருந்துட்டுப் போகுது, விடு'ன்னுட்டு வந்திருக்கும் தம்பி," என்றார். ஜெயபாண்டியும் சிரித்துவிட்டார். இரண்டாவது மனுவை அவரே எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது சான்றிதழை ஜெயபாண்டியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிய பிறகுதான் முனீஸ்வரி வாங்கினார். பெயர், தகப்பனார், ஆண், மனைவி, தேதி எல்லாம் சரி. அதை வைத்து மறுவாரமே கனெக்ஷனும் முனீஸ்வரி பெயருக்கு மாறிவிட்டது.

ஆனால் சான்றிதழை வாங்கிய அன்று, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மறுபடி எடுத்துப் பார்த்தார். இத்தனை நாளும் செத்துப்போனது யாரோ ஒரு பெண், அவளுக்காகத்தான் அலைகிறோம் என்பதுபோல இருந்தது. இந்தத் தாளில் சோலை இருந்தார். முனீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

"ஏம்மா, சமயநல்லூருக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? தாண்டிருச்சே!" என்றார் கண்டக்டர்.

"கவனிக்கலப்பா. நிப்பாட்டு, எறங்கிக்கிறேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மூக்கைச் சிந்திவிட்டு, வெயிலில் திரும்பி நடந்தார்.